ஒன்பது வரி கோட், பத்தரை ஆண்டு வழக்கு

2012 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் ஃபெடரல் நீதிமன்றத்தில், கூகுள் மேல் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம் போட்ட வழக்கில், ஒன்பது வரி கோட் பற்றிக் காரசாரமான வாதம் நடந்தது. அந்த ஒன்பது வரிக்கு ரேஞ்ச்செக் என்று பெயர். ஒரு பட்டியலில் இத்தனையாவது இடத்திலிருந்து இத்தனையாவது இடம் வரை எடு என்று யாராவது கேட்டால், அந்த இடங்கள் பட்டியலுக்குள்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. தொடக்கம் முடிவைவிடப் பெரிதா, தொடக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறதா, முடிவு பட்டியலின் நீளத்தைத் தாண்டுகிறதா. மூன்று 'இஃப்', அவ்வளவுதான். இதைக் காப்பியடித்ததால் கூகுள் சீக்கிரமாகச் சந்தைக்கு வர முடிந்தது என்று ஆரக்கிளின் வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் வாதாடினார். நீதிபதி வில்லியம் ஆல்சப் தானே கோட் எழுதும் பழக்கம் உள்ளவர். இதுபோன்ற வரிகளை நானே நூறு முறைக்கு மேல் எழுதியிருக்கிறேன் என்று பாய்ஸிடம் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு கூத்து உண்டு. அந்த வரிகளை முதலில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் (பிறகு ஆரக்கிள் வாங்கிய நிறுவனம்) எழுதிய பொறியாளர்தான் பிறகு கூகுளில் சேர்ந்தார். அவர் கை வழியாகத்தான் அவை ஆண்ட்ராய்டுக்குள் வந்தன. ஜூரி அந்த ஒன்பது வரியில் பதிப்புரிமை மீறல் உண்டு என்றது. நஷ்டஈடு எவ்வளவு? பூஜ்ஜியம் டாலர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

ரேஞ்ச்செக் வெறும் ஓரக்காட்சிதான். வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருந்தது, அதற்கு முடிவு வர 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. மென்பொருள் எழுதுகிறவர்கள் பேட்டன்ட், பதிப்புரிமைச் சட்டங்களைப் பற்றிப் புலம்பும்போது, யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எவ்வளவு காலம் ஆனது, கடைசியில் என்ன பதில் கிடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வழக்கு அதற்கு நல்ல சாட்சி.

சன் நிறுவனம் 1995இல் ஜாவா மொழியை வெளியிட்டது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான புரோகிராமர்கள் அதைக் கற்றார்கள். நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் சி-க்கு அடுத்து ஜாவா என்பது எழுதாத விதியாக இருந்த காலம் அது. ஆண்ட்ராய்டைக் கட்டும்போது கூகுள் இந்தக் கூட்டத்தை இழுக்க நினைத்தது. சன்னிடம் உரிமம் கேட்டுப் பேசியது, பேச்சு படியவில்லை. ஆகவே ஜாவாவின் உள்வேலைகளைத் தானே புதிதாக எழுதிக்கொண்டு, பெயர்களையும் அவை அடுக்கப்பட்ட விதத்தையும் மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. இரண்டு எண்களில் பெரியது எது என்று அறிய ஜாவாவில் 'மேத்' தொகுதியின் 'மேக்ஸ்' என்று எழுத வேண்டும். ஆண்ட்ராய்டிலும் அதே 'மேத்', அதே 'மேக்ஸ்'. ஒப்பிட்டுப் பார்க்கும் கோட் மட்டும் கூகுள் எழுதியது. இப்படி 37 தொகுதிகள், சுமார் 11,500 வரிகள். ஜாவா ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஆயத்த வேலைகளின் தொகுப்பு, மொத்தம் 28.6 லட்சம் வரி என்பதால், எடுத்தது 0.4 சதவீதம்.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எச் விசையைத் தட்டினால் 'க' வரும் என்று விரல் பழகிவிட்டது. எந்த நிறுவனத்தின் மென்பொருளைப் போட்டாலும் அதே விசையில் அதே எழுத்து வர வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். உள்ளே 'க'வைத் திரையில் கொண்டுவரும் வேலையை ஒவ்வொருவரும் தங்கள் வழியில் எழுதட்டும். விசைகளின் அமைப்பே ஒருவருக்குச் சொந்தம் என்றாகிவிட்டால், பழகிய விரல்கள் எல்லாம் அவர் கையில். இந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனபோது நீதிபதி ஸ்டீபன் பிரையரும் தட்டச்சு இயந்திரத்தின் குவெர்ட்டி அமைப்பைத்தான் உதாரணம் காட்டினார். நம் பக்கத்து நாட்டில் இது உதாரணத்தோடு நிற்கவில்லை. வங்காள மொழிக்கு பிஜோய் என்ற விலைக்கு விற்கும் விசைப்பலகை மென்பொருளும், அவ்ரோ என்ற இலவச மென்பொருளும் இருந்தன. தன் விசை அமைப்பை அவ்ரோ எடுத்துக்கொண்டது என்று பிஜோய்க்காரர் பங்களாதேஷின் பதிப்புரிமை அலுவலகத்தில் 2010இல் புகார் கொடுத்தார். அவ்ரோ அந்த அமைப்பை நீக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் புகார் திரும்பப் பெறப்பட்டது. வழக்கு நடத்தும் வசதி இல்லாத இலவச மென்பொருள்காரர் வேறென்ன செய்வார்?

சரி, இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது? மென்பொருளின் மேல் ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்கள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். இரண்டுமே அதற்காகத் தைத்தவை அல்ல. பதிப்புரிமை நூல்களுக்கும் இசைக்கும் வந்தது. எழுத்தின் வடிவத்தைக் காக்கும், கருத்தைக் காக்காது. பேட்டன்ட் இயந்திரங்களுக்கும் ரசாயன முறைகளுக்கும் வந்தது. வேலை செய்யும் விதத்தையே காக்கும், ஆனால் 20 ஆண்டுக்குத்தான். நிரல் என்பது எழுத்தாகவும் இருக்கிறது, எழுதியவுடன் இயந்திரமாகவும் ஓடுகிறது. அமெரிக்கா 1980இல் நிரல்களைப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. நம் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் பிந்தைய திருத்தங்களால் நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. அதனால் நாவலுக்கு உரிய ஆயுள் அதற்கும். அமெரிக்காவில் நிறுவனத்துக்காக எழுதி வெளியான படைப்புக்கு, வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. 1979இல் வெளியான விசிகால்க் என்ற முதல் விரிதாள் மென்பொருளுக்கு, அந்தக் கணக்கில், 2074 முடியும் வரை உரிமை இருக்கிறது. அதை ஓட்டிய ஆப்பிள் 2 கணினி எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

பேட்டன்ட் பக்கம் கதை இன்னும் கோணல். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எண்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் அல்காரிதத்துக்கு பேட்டன்ட் கிடையாது என்றது. 1981இல் ரப்பரை வார்க்கும் முறையில் கணினி ஒரு பகுதியாக இருந்தால் பரவாயில்லை என்றது. 1998இல் ஃபெடரல் சர்க்கியூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், பரஸ்பர நிதிகளின் கணக்கை நிர்வகிக்கும் ஒரு கணினி முறைக்கே பேட்டன்ட் செல்லும் என்று சொல்லி மடையைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமேசான் ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறைக்கு பேட்டன்ட் பெற்றது. அக்டோபரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடை நிறுவனத்தின் மேல் வழக்கு, டிசம்பரில் தடை உத்தரவு. கிறிஸ்துமஸ் வியாபாரத்தின் உச்சத்தில் போட்டியாளர் தன் வாடிக்கையாளரை வேண்டுமென்றே இன்னொரு கிளிக் செய்ய வைக்க வேண்டியதாயிற்று. 2001இல் மேல் நீதிமன்றம் தடையை நீக்கியது. ஆனால் போன கிறிஸ்துமஸ் திரும்பி வருமா?

எல்லாப் புரோகிராமர்களுக்கும் தெரிந்த பழைய காயம் ஜிஃப் படங்கள். ஸ்பெர்ரி நிறுவனத்தின் டெர்ரி வெல்ச் 1984இல் ஒரு தகவல் சுருக்க முறையைத் தொழில்நுட்ப இதழில் விளக்கினார். எல்இசட்டபிள்யூ என்று பெயர். படித்தவர்கள் பலரும் அது பொதுவில் வந்த முறை என்றே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே பேட்டன்டுக்கு விண்ணப்பம் போயிருந்தது அவர்களுக்குத் தெரியாது. 1985இல் பேட்டன்டும் கிடைத்தது. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் அதை வைத்து ஜிஃப் வடிவத்தை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொடுத்தது. வலைத்தளங்கள் பெருகத் தொடங்கி, பக்கத்துக்குப் பத்து ஜிஃப் இருந்த நேரத்தில், 1994 கடைசியில், ஸ்பெர்ரியின் வாரிசான யுனிசிஸ் உரிமத்தொகை கேட்டு வந்தது. கோபத்தில் இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் சில மாதங்களிலேயே பிஎன்ஜி வடிவத்தின் அடிப்படையை வகுத்துவிட்டார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஜிஃபைவிட நல்ல வடிவம். ஆகவே பேட்டன்டே புதுமையைத் தூண்டியது என்று யாராவது வாதிடலாம். அந்தத் திறமையெல்லாம் ஏற்கெனவே தீர்ந்த ஒரு பிரச்சினையை இன்னொரு முறை தீர்க்கச் செலவானது என்பதுதான் என் கணக்கு. அமெரிக்காவில் அந்த பேட்டன்ட் 2003 ஜூனில் காலாவதியானது.

பேட்டன்ட் கொடுப்பதன் நியாயம் ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் ரகசியத்தை வெளியே சொல்ல வேண்டும், பதிலுக்குச் சில காலம் தனியுரிமை பெறுவார், மற்றவர்கள் படித்துக் கற்றுக்கொள்வார்கள். மென்பொருளில் இந்த ஒப்பந்தத்தின் பின்பாதி செத்துவிட்டது. அமெரிக்காவில் தெரிந்தே பேட்டன்டை மீறினால் நஷ்டஈடு மூன்று மடங்கு வரை போகலாம். அதனால் பல நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தங்கள் பொறியாளர்களுக்குச் சொல்லும் அறிவுரை, பேட்டன்ட் ஆவணங்களைப் படிக்காதீர்கள் என்பது. படிக்க முயன்றாலும் வழக்கறிஞர் நடையில் எழுதிய அந்த வாக்கியங்களிலிருந்து நாலு வரி கோட் எழுதத் தேறாது என்பது வேறு விஷயம்.

இதன் சூட்டைச் சின்ன ஆட்கள் உணர்ந்தது 2011இல். ஐபோனுக்கு ஆப் எழுதும் தனி நபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் லாட்சிஸ் என்ற நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. ஆப்புக்குள் 'வாங்கு' பொத்தான் வைத்தது எங்கள் பேட்டன்டை மீறுகிறது, அமெரிக்க வருமானத்தில் 0.575 சதவீதம் கொடு என்றது. ஸ்காட்லாந்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் அதே கடிதம். அந்தப் பொத்தானை உருவாக்கி டெவலப்பர்களுக்குக் கொடுத்தது ஆப்பிள்; ஆப்பிளிடம் அந்த பேட்டன்டுக்கு உரிமமும் இருந்தது. எங்கள் உரிமம் அவர்களுக்கும் சேரும் என்று சொல்ல ஆப்பிள் வழக்கில் நுழைந்தது. அந்தக் கேள்விக்கு 2013 வரை தீர்ப்பு வரவில்லை. அதற்குள் பிரதிவாதிகள் எல்லாரும் சமரசம் செய்துகொண்டுவிட்டார்கள், ஆகவே தீர்ப்பளிக்க ஒன்றும் இல்லை என்று நீதிபதி கோப்பை மூடினார். வேறொரு வழக்கில் ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி பணம் தர மறுத்து விசாரணைக்குத் தயாராக நின்றது. விசாரணை தொடங்குவதற்கு முன் லாட்சிஸ் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தத் தொழிலின் சூத்திரம் இதுதான். கேட்கிற தொகை வழக்குச் செலவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், வழக்கு மட்டும் முடிவுக்குப் போய்விடக் கூடாது.

இந்த வழக்குகள் பெரும்பாலும் கிழக்கு டெக்சாஸில் நடந்தன. 25,000 பேர்கூட இல்லாத மார்ஷல் என்ற ஊர் உலகத் தொழில்நுட்ப நிறுவனங்களின் நாக்கில் புரண்டது. ஒரு கட்டத்தில் நாட்டின் பேட்டன்ட் வழக்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அங்குள்ள ஒரே நீதிபதியின் மேஜைக்குப் போனது. சாம்சங் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு எதிரே பனிச்சறுக்குத் திடல் அமைக்கப் பணம் கொடுத்தது. டெக்சாஸ் வெயிலில் பனிச்சறுக்கு! ஜூரிக்கு வரும் ஊர்க்காரர்கள் நம் பெயரை நல்லவிதமாக நினைக்கட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கு வேண்டுமானாலும் வழக்குப் போடும் வசதியை உச்ச நீதிமன்றம் 2017இல் குறுக்கியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே ஆலிஸ் வழக்கில், வெறும் கருத்தைச் சாதாரணக் கணினியில் ஓட்டினால் மட்டும் பேட்டன்ட் கிடைக்காது என்று ஒருமனதாகச் சொல்லியிருந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் எது வெறும் கருத்து என்று வரையறுக்க நீதிமன்றம் முன்வரவில்லை. அந்த எல்லையை ஒவ்வொரு வழக்கிலும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆரக்கிளுக்குத் திரும்புவோம். 740 கோடி டாலருக்கு சன்னை வாங்கும் வேலை 2010 ஜனவரியில் முடிந்தது. ஆகஸ்டில் கூகுள் மேல் வழக்கு. ஏழு பேட்டன்ட்களும் பதிப்புரிமையும் சேர்த்துப் போட்டார்கள். பேட்டன்ட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, விசாரணைக்கு வந்தவை இரண்டே. அவற்றிலும் மீறல் இல்லை என்றது ஜூரி. ஏபிஐயின் பெயர்களும் அமைப்பும் பதிப்புரிமைக்கு உட்பட்டவையே அல்ல என்று ஆல்சப் 2012 மே 31 அன்று தீர்ப்பளித்தார். கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

தோற்றுப்போன அந்த பேட்டன்ட்கள்தான் கதையை மாற்றின. அமெரிக்காவில் சாதாரணப் பதிப்புரிமை வழக்கு அந்தந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். கலிஃபோர்னியா வழக்கு ஒன்பதாவது வட்டாரத்துக்கு. ஆனால் தொடக்கத்தில் பேட்டன்ட் கோரிக்கை ஒன்று இருந்தாலே போதும், மேல்முறையீடு வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் சர்க்கியூட்டுக்குத்தான். பேட்டன்டுக்கென்றே 1982இல் உருவான நீதிமன்றம் அது. பேட்டன்ட் செத்த பிறகும், பதிப்புரிமைக் கேள்வியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பயணச்சீட்டாக அது உதவியது. 2014 மே மாதம் அந்த நீதிமன்றம் ஆல்சப்பின் தீர்ப்பைப் புரட்டியது. ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. அனுமதி இல்லாமல் எடுத்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்ளும் 'நியாயமான பயன்பாடா' என்று பார்க்க வழக்கு கீழே திரும்பியது. 2016இல் புதிய ஜூரி. ஆரக்கிள் கேட்டது சுமார் 900 கோடி டாலர். நியாயமான பயன்பாடுதான் என்றது ஜூரி. 2018இல் ஃபெடரல் சர்க்கியூட் அதையும் புரட்டியது. அப்புறம்தான் உச்ச நீதிமன்றம், கோவிட் ஒத்திவைப்பு, தொலைபேசி வழியே விசாரணை எல்லாம்.

கூகுளை இதில் அப்பாவியாக்க எனக்கு விருப்பமில்லை. ஜாவாவுக்கு மாற்று எதுவும் சரிப்படாது, உரிமம் பேசி வாங்க வேண்டும் என்று அதன் பொறியாளர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் நீதிமன்றத்திலேயே படிக்கப்பட்டது. எதிர்ப்பக்கம், 2007இல் ஆண்ட்ராய்டு அறிவிப்பு வந்தபோது சன்னின் தலைவர் ஜொனாதன் ஷ்வார்ட்ஸ் வெளிப்படையாக வாழ்த்துச் சொல்லியிருந்தார். பிறகு கூகுள் தரப்புச் சாட்சியாகவும் வந்தார். ஆரக்கிளின் நிலைதான் இன்னும் சங்கடமானது. அந்த நிறுவனம் எழுந்ததே எஸ்க்யூஎல் மேல். தரவுத்தளத்திடம் தகவலைக் கேட்டு வாங்கும் அந்த மொழியை 1970களில் உருவாக்கியது ஐபிஎம். அதன் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அதே கட்டளைகளுக்குத் தன் சொந்தக் கோடை எழுதி, ஐபிஎம்முக்கு முன்பாகவே 1979இல் ஆரக்கிள் விற்கத் தொடங்கியது. ஐபிஎம் அன்று 'செலக்ட்', 'ஃப்ரம்' எல்லாம் எங்கள் சொத்து என்று நீதிமன்றம் போயிருந்தால் ஆரக்கிள் இன்று எங்கே இருந்திருக்கும்?

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 ஏப்ரல் 5 அன்று, ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுள் பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரையர். நிரல்களுக்குப் பதிப்புரிமை தேவையா என்று 1970இலேயே, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தபோது கேள்வி எழுப்பியவர் அவர். கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்றார். தொழில்நுட்ப உலகம் கொண்டாடியது. ஆனால் முதல் கேள்வியை நீதிமன்றம் தொடவில்லை. ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டா? வாதத்துக்காக உண்டு என்று வைத்துக்கொள்வோம் என்று தாண்டிப் போய்விட்டது. இப்படித் தாண்டுவது தவறு என்று மாற்றுத் தீர்ப்பில் கிளாரன்ஸ் தாமஸ் சொன்னார். முடிவில் அவரோடு உடன்படாவிட்டாலும் இந்த ஒரு குறையில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நியாயமான பயன்பாடு என்பது ஒவ்வொரு வழக்கிலும் நான்கு அம்சங்களை வைத்து எடை போடும் விஷயம். கூகுளுக்குப் பத்தரை ஆண்டு வழக்கு நடத்தப் பணம் உண்டு. நாளை ஒரு பழைய ஏபிஐக்கு மாற்று எழுதும் ஐந்து பேர் நிறுவனத்துக்கு, நீங்கள் ஒருவேளை ஜெயிக்கலாம் என்ற பதிலால் என்ன லாபம்? அதோடு, தீர்ப்பு வந்தபோது கூகுள் 2016லேயே ஆண்ட்ராய்டை ஓப்பன்ஜேடிகே என்ற திறந்த உரிமம் கொண்ட ஜாவாவுக்கு மாற்றிவிட்டிருந்தது.

இதே கேள்வி அதற்கு முன்பும் ஒரு முறை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லோட்டஸ் 1-2-3 விரிதாள் ஆண்ட காலம். போர்லேண்ட் தன் குவாட்ரோ மென்பொருளில் லோட்டஸின் 469 கட்டளைகள் கொண்ட மெனு அமைப்பை அப்படியே வைத்தது. லோட்டஸில் பழகியவர்களும், அதில் மேக்ரோ என்ற தொடர் கட்டளைகளை எழுதி வைத்தவர்களும் சிரமமில்லாமல் மாறலாம் என்பதற்காக. லோட்டஸ் 1990இல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் போர்லேண்ட் தோற்றது, 1995இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்தது. ஒரு நீதிபதி விலகியிருந்தார். சமமாகப் பிரிந்தால் கீழுள்ள தீர்ப்பு நிற்கும், நாடு முழுவதுக்குமான விதி பிறக்காது. போர்லேண்ட் ஜெயித்தது, சரி. ஆனால் குவாட்ரோவை அது 1994இலேயே நோவல் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. லோட்டஸை 1995இல் ஐபிஎம் வாங்கிவிட்டது. விரிதாள் சந்தையை எக்செல் எடுத்துக்கொண்டிருந்தது.

ஐரோப்பா இந்த விஷயத்தில் சுற்றி வளைக்கவில்லை. ஆல்சப் தீர்ப்பு சொன்ன அதே 2012 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒரு நிரல் செய்யும் வேலைக்கோ நிரல் மொழிக்கோ கோப்பு வடிவத்துக்கோ நிரல் என்ற வகையில் பதிப்புரிமை கிடையாது என்று எஸ்ஏஎஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது.

இந்தியாவில் எழுத்தளவில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. இன்னொரு நிரலோடு சேர்ந்து வேலை செய்யும் நிரலை எழுதுவதற்குத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், முறையாக வாங்கி வைத்திருப்பவர் அதைப் பிரித்துப் பார்த்தே அறியலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1999இல் சேர்த்தார்கள். பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணக்கு முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்பு அல்ல என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே இதைத் தளர்த்தப் பார்த்தார்கள். இடதுசாரிகளின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. சிக்கல் அந்த 'வெறும்' எங்கே முடிகிறது என்பதில். பேட்டன்ட் அலுவலகம் 2015 ஆகஸ்டில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் டிசம்பரில் நிறுத்தி வைத்தது. 2016 பிப்ரவரியில் புதிய வழிகாட்டுதல், புதுமையான வன்பொருளோடு சேர்ந்திருந்தால்தான் நிரலுக்கு இடம் என்றது. 2017 ஜூனில் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் மூன்று நிலை. ஒரு விண்ணப்பம் பரிசீலனைக்கு வருவதற்குள் விதி மாறிவிடும்.

நிரல் அல்ல, கைபேசிதான், ஆனாலும் மதுரைக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரே போனில் பல சிம் போடும் முறைக்கு மதுரைக்காரர் ஒருவர் 2002இல் விண்ணப்பித்து 2008இல் இந்திய பேட்டன்ட் பெற்றார். சுங்கத்துறையில் அதைப் பதிவு செய்து, இரண்டு சிம் போன்களின் இறக்குமதியைத் துறைமுகத்திலேயே மறிக்க முயன்றார். சந்தையில் இரட்டை சிம் போன் விற்பனை சூடுபிடித்திருந்த நேரம். ஸ்பைஸும் சாம்சங்கும் சென்னையில் அப்போது இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. 2012இல் பேட்டன்ட் ரத்தானது. அந்த வாரியமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது.

தாமதம் எதிராளியை மட்டும் அடிக்கவில்லை, பேட்டன்ட் கேட்டவரையும் அடிக்கிறது. இணையத்தில் தகவல்களையும் சேவைகளையும் அணுகும் ஒரு முறைக்கு ஃபெரித் அல்லானி என்பவர் 2002இல் இந்தியாவில் விண்ணப்பித்தார். 3(கே)யைக் காட்டி மறுத்தார்கள். தொழில்நுட்ப விளைவு இருந்தால் நிரல் என்பதற்காகவே நிராகரிக்கக் கூடாது, மறுபடி பாருங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. இன்று மென்பொருள் பேட்டன்ட் கேட்கும் ஒவ்வொரு நிறுவனமும் மேற்கோள் காட்டும் உத்தரவு அது. அல்லானிக்கு 2020இல் வாரியம் பேட்டன்டை அனுமதித்தது. 20 ஆண்டு ஆயுளில் பெரும்பகுதி அதற்குள் போயிருந்தது. டயல்-அப் இணைப்பு இருந்த காலத்து இணையத்துக்காக யோசித்த முறை அது.